உங்களுக்குத் தெரியுமா? அணில் ஒற்றன், முயல் சிப்பாய், பூனைச் சாமியார்

விலங்குகள் படை திரட்டிப் போர் புரியும் அனிமேஷன் தொடர் என்றதும் ஜப்பானையும் ஹாலிவுட்டையும் நினைத்துக்கொள்கிறோம். அந்தச் சரக்கு நம் ஊரிலேயே பழசு. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தைத் தாண்டினால் ஒரு பெரிய ஏரி வரும். அந்த ஏரிக்குச் சொந்தக்கார ஊர் தாமல். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்றுக்குத் தன் பெயரைக் கொடுத்த பழைய ஊர். அங்கே இறங்கித் தொடங்குவோம். போகப்போக ஒன்றை மட்டும் கவனித்துக்கொண்டே வாருங்கள்: கதை சொல்பவன் தனக்கு எந்த விலங்கை எடுத்துக்கொள்கிறான், எதிரிக்கு எதைக் கொடுக்கிறான்?

★ தாமல் சிவன் கோயிலில் சுவாமிக்கு வராகீஸ்வரர் என்று பெயர். பன்றி உருவெடுத்த திருமால் வழிபட்ட லிங்கம் என்பது தல வரலாறு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ராகு காலத்தில் வருகிற கூட்டம் தேடுவது தூணில் உள்ள சரபேஸ்வரரை. இரணியனை வதைத்த பிறகும் நரசிம்மரின் உக்கிரம் தணியவில்லை, சிவன் சரபமாக வந்து அடக்கினார் என்பது சைவர் கதை. சிங்க முகம், பறவைச் சிறகு, எட்டுக் கால். சிங்கத்தை வெல்லச் சிங்கத்தோடு சிறகையும் சேர்த்துவிட்டார்கள்!

வைணவர்கள் சும்மா இருப்பார்களா? நரசிம்மர் கண்டபேருண்டம் என்ற இரட்டைத் தலைப் பறவையாகிச் சரபத்தோடு மோதினார் என்று பதில் கதை வந்தது. (அந்தப் பறவைதான் பின்னாளில் மைசூர் அரசர்களின் சின்னமாகி, இன்றைக்கும் கர்நாடக அரசு முத்திரையில் உட்கார்ந்திருக்கிறது.) காஞ்சி அட்டபுயகரம் பெருமாள் கோயிலின் தல புராணமோ, பிரம்மாவின் யாகத்தைக் கெடுக்கச் சரஸ்வதி அனுப்பிய சரபத்தை எட்டுக் கையோடு வந்து பெருமாள் அடக்கினார் என்கிறது. தாமலில் ஜெயித்த சரபம் பஸ்ஸில் கொஞ்ச தூரம் போவதற்குள் காஞ்சியில் தோற்றுவிடுகிறது. சீசனுக்கு ஒரு புது மிருகத்தை இறக்கும் வித்தையைத் தொடர் எடுப்பவர்கள் நம் தல புராணக்காரர்களிடம் டியூஷன் வைத்துக் கற்கலாம்.

★ பல்லவர் சின்னம் காளை. வாதாபிச் சாளுக்கியர் சின்னம் பன்றி. இந்தக் காளையும் பன்றியும் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் புள்ளலூரில் மோதிக்கொண்டன. முதலாம் மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை அழித்தான் என்கிறது பல்லவரின் காசாக்குடிச் செப்பேடு. பல்லவன் காஞ்சி மதிலுக்குள் ஓடி ஒளிந்தான் என்கிறது இரண்டாம் புலிகேசியின் ஐஹோளே கல்வெட்டு. ஒரே சண்டைக் காலம், இரண்டு கிளைமாக்ஸ். மகேந்திரவர்மனின் மகன் நரசிம்மவர்மன் 642-இல் வாதாபியையே பிடித்த பிறகுதான் வாக்குவாதம் ஓய்ந்தது, அதுவும் கொஞ்ச காலத்துக்கு.

★ அதே புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று திப்புவின் சின்னமான புலி ஜெயித்தது. ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையைச் சுற்றி வளைத்து நொறுக்கினார்கள். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்ததோடு கதை முடிந்தது. பெய்லி சிறைப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் செத்தார். உதவிக்கு வந்திருக்க வேண்டிய தளபதி ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்தில் இருந்தார். சேதி கேட்டதும் பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு நடையைக் கட்டினார்.

கதை இங்கே முடிந்திருந்தால் அது வரலாற்றுப் பாடம். 1792-இல் வங்காளத்தின் சாகர் தீவில் மன்றோவின் மகனை நிஜப் புலி ஒன்று அடித்துக் கொன்றது. அந்தச் செய்திதான் தூண்டுதல் என்று சொல்வோர் உண்டு; எப்படியோ, திப்புவின் அரண்மனையில் ஒரு பொம்மை உருவானது. கிட்டத்தட்ட ஓர் ஆள் நீளத்துக்கு மரப்புலி. அதன் காலடியில் மல்லாந்து கிடக்கும் ஐரோப்பியன். புலியின் தோள் பக்கத்தில் ஒரு கைப்பிடி. அதைச் சுழற்றினால் உள்ளே துருத்தி இயங்கும். புலி உறுமும், கிடப்பவன் முனகுவான், அவன் இடது கை வாயருகே தூக்கித் தூக்கி விழும். புலியின் விலாவில் ஒரு கதவைத் திறந்தால் ஆர்கன் வாத்தியத்தின் கட்டைகள்! 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது கொள்ளைப் பொருளோடு லண்டன் போய்ச் சேர்ந்தது. இப்போது விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. விலங்கை வைத்து எடுத்த போர்க் காட்சி, அசைவும் ஒலியும் சேர்த்து, சினிமா பிறப்பதற்கு நூறு வருஷம் முன்பே.

★ இப்போது வட கொரியா. அங்கே 1977-இல் தொடங்கிப் பல்லாண்டுகள் ஓடிய அனிமேஷன் தொடர் 'அணிலும் முள்ளம்பன்றியும்'. தயாரித்தது பியோங்யாங்கில் உள்ள அரசின் எஸ்.இ.கே. ஸ்டுடியோ. மொத்தம் 32 பாகங்கள். மலர்க்குன்று என்ற ஊரில் அணில், முள்ளம்பன்றி, வாத்து எல்லாம் வாழ்கின்றன. மரநாய்ப் படை தாக்க வருகிறது, எலிகள் அதற்குக் கைக்கூலி, பிறகு ஓநாய்கள் வருகின்றன. கதாநாயக அணில் எதிரி முகாமில் சீருடை மாட்டிக்கொண்டு ஒற்றனாக உலவுகிறது. அழகழகான முகங்கள், ஆனால் துப்பாக்கிக் குண்டும் சித்திரவதையும் சாவும் தாராளம். குழந்தைகளுக்கான தொடர்தான், நம்புங்கள்.

முதல் பாகத்தில் ஊருக்குக் காவல் இருப்பது பலசாலி கரடி மாமா. எதிரி கொடுத்த சாராயத்தைக் குடித்துவிட்டு அவர் மட்டையாகிவிட, ஊர் தீக்கிரையாகிறது. பக்கத்து வல்லரசை நம்பியிருக்காதே என்ற சேதி அது என்று வெளியே இருந்து பார்ப்பவர்கள் படிக்கிறார்கள். ஓநாய் யார் என்று கேட்டால், அமெரிக்கா என்று அதே ஆட்கள் சொல்வார்கள். தொடரில் எந்த நாட்டின் பெயரும் வராது. அதுதான் விலங்கு முகமூடியின் சவுகரியம்.

★ அணிலைப் போர் வேலைக்கு முதலில் எடுத்தது யார்? வால்மீகி இல்லை. சேது கட்டும்போது அணில் உதவிய கதை வால்மீகி ராமாயணத்தில் கிடையாது. ஆனால் தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் 'திருமாலை'யில் இருக்கிறது. குரங்குகள் மலைகளைத் தள்ளிக்கொண்டிருக்க, அணில்கள் நீரில் முழுகி, மணலில் புரண்டு, ஒட்டிய மணலோடு கடலை அடைக்க ஓடுகின்றன. அந்த அணிலுக்கு இருந்த மனசு கூட எனக்கு இல்லையே என்று ஆழ்வார் நொந்துகொள்கிறார். முதுகில் மூன்று கோடு போட்ட பாட்டிக் கதை ஊரெல்லாம் பரவியிருக்கிறது. ஆழ்வார் பாட்டில் கோடு இல்லை, வேலை மட்டும்தான்.

★ எதிரி முகாமில் நடிக்கும் ஒற்றன் என்ற உத்தியும் பழைய சரக்குதான். பஞ்சதந்திரத்தின் மூன்றாம் தந்திரம் முழுக்கக் காகத்துக்கும் ஆந்தைக்கும் நடக்கும் யுத்தம். காக்கை அரசன் மேகவர்ணன், ஆந்தை அரசன் அரிமர்த்தனன். காக்கை மந்திரி ஸ்திரஜீவி சொந்த ராஜாவிடமே அடி வாங்கி, ரத்தம் ஒழுகக் கிடந்து, ஆந்தைகளிடம் அடைக்கலம் கேட்கிறான். இவனை உடனே கொன்றுபோடு என்று சொல்பவன் ஒரே ஒரு ஆந்தை மந்திரி, ரக்தாக்ஷன். யார் கேட்டார்கள்? ஸ்திரஜீவி கூடு கட்டுகிற சாக்கில் குகை வாசலில் சுள்ளி சேர்க்கிறான். ஒரு பகல் பொழுதில் காகங்கள் கொள்ளிக்கட்டையோடு வருகின்றன, பகலில் கண் தெரியாத ஆந்தைகள் உள்ளேயே வெந்து போகின்றன. ரக்தாக்ஷன் மட்டும் தன் ஆட்களோடு முன்பே வெளியேறிவிட்டான். பொறுப்புள்ள மந்திரி என்றால் அவன்தான். கதை ஏனோ ஸ்திரஜீவியைக் கொண்டாடுகிறது.

இந்தக் கதை அரபிக்குப் போய் 'கலீலா வ திம்னா' ஆயிற்று. அதன் ஓவியச் சுவடிகளில் காகங்கள் சிறகால் தீயை விசிறும் காட்சியை ஓவியர்கள் விட்டுவைக்கவில்லை. தமிழில் தாண்டவராய முதலியார் 1826-இல் மராத்தியிலிருந்து பெயர்த்தார். ஒரு காலத்தில் அது பள்ளிக்கூடப் பாடமாக இருந்தது.

★ வள்ளுவர் இதே சண்டையை ஒரே குறளில் முடித்துவிட்டார். பகலானால் காகம் ஆந்தையை வெல்லும், வேளை பார்த்து அடி (481). அவருடைய போர்ப் பாடங்களில் பாதி மிருகக் கண்காட்சி: பின்வாங்கித் தாக்கும் ஆட்டுக்கடா (486), தண்ணீரில் ராஜா, தரையில் பூஜ்யம் என்ற முதலை (495), சேற்றில் கால் புதைந்த யானையைக் கொல்லும் நரி (500), கடல்போல் கத்தும் எலிக் கூட்டம், மூச்சு விட்டாலே போதும் என்ற நாகம் (763).

★ மகாபாரதத்தில் அசுவத்தாமனுக்கு இரவுத் தாக்குதல் யோசனை எங்கிருந்து வந்தது? ஆலமரத்தில் தூங்கும் காகங்களை ஓர் ஆந்தை இரவில் வந்து கொன்று குவிப்பதைப் பார்த்த பிறகு. பகலில் காகம், இரவில் ஆந்தை, கணக்கு நேர்.

★ மாமல்லபுரத்துப் பெரும் பாறைச் சிற்பத்தில் ஒரு பூனை பின்னங்காலில் நின்று, கைகளை மேலே தூக்கித் தவம் செய்கிறது. காலடியில் எலிகள் பயமின்றி விளையாடுகின்றன. மேலே எலும்பும் தோலுமாகத் தவம் செய்யும் முனிவரின் அச்சு அசல் நகல். சுற்றுலாப் பிள்ளைகள் சிரித்துவிட்டு நகர்வார்கள். அந்தப் பூனை மகாபாரதப் போரின் வசவு என்பார்கள். சண்டை தொடங்கும் முன் துரியோதனன், சகுனி மகன் உலூகனைத் தூது அனுப்பி, தருமனிடம் சொல்லச் சொன்ன கதை: கங்கைக் கரையில் சாமியார் வேஷம் போட்ட பூனை, நம்பி வந்த எலிகளை ஒவ்வொன்றாகத் தின்று கொழுத்தது, நீயும் அந்தப் பூனைதான். அதாவது, நம்முடைய தருமருக்கு எதிரி கொடுத்த விலங்கு பூனை. அதைப் பல்லவச் சிற்பி பாறையில் செதுக்கியே விட்டான்.

அங்கேயே மகிஷாசுரமர்த்தினி குகைக்குள்ளும் ஒரு நடை போங்கள். மற்ற ஊர்ச் சிற்பங்கள் பலவற்றில் மகிஷன் தோற்றுக் கிடப்பான். இங்கே சண்டை நடுவில் இருக்கிறது. எருமைத் தலையும் மனித உடலுமாகக் கதாயுதம் பிடித்து நிற்கிறான், தலைக்கு மேல் குடை கூட இருக்கிறது. ஆனால் உடம்பு பின்னால் சாய்ந்துவிட்டது, ஒரு கால் ஓடத் தயார். எதிரில் சிங்கத்தின் மேல் எட்டுக் கையோடு துர்க்கை, நாணை இழுத்தபடி. குள்ளப் பூதகணங்கள் முன்னேறுகின்றன. அடுத்த நொடி என்ன நடக்கும் என்று பார்ப்பவரை நிறுத்திவைக்கிறான் சிற்பி.

★ ஜப்பானின் முதல் முழுநீள அனிமேஷன் படமே விலங்குப் படைதான். 'மொமோதாரோ: கடலின் தெய்வ வீரர்கள்', 1945 ஏப்ரல், 74 நிமிடம், இயக்கம் மிட்சுயோ செவோ, காசு போட வைத்தது கடற்படை. கரடி, குரங்கு, நாய், கௌதாரி போன்ற பறவை எல்லாம் ஜப்பானிய வீரர்கள். தெற்குத் தீவு ஒன்றின் காட்டு விலங்குகளுக்கு ஜப்பானிய எழுத்து கற்றுக்கொடுத்து, பாராசூட்டில் குதிக்கிறார்கள். எதிரிகளான வெள்ளைக்காரர்கள் மனித உருவில், தலையில் கொம்பு! சரணடையும் காட்சி 1942-இல் சிங்கப்பூர் விழுந்தபோது ஆங்கிலேயத் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமஷிதாவிடம் பட்ட பாட்டின் சாயல். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தமிழர்கள் நேதாஜி படையில் சேர்ந்த அதே வருடங்கள் அவை. ஆனால் தீவு மக்களைப் பள்ளி மாணவ விலங்குகளாகப் பார்க்கும் அந்தப் பார்வை உவப்பாக இல்லை. போருக்குப் பிறகு தொலைந்தே போனதாக நினைத்த படம் 1980-களில் ஷோச்சிகு கம்பெனிக் கிடங்கில் அகப்பட்டது. சிறுவயதில் அதைத் தியேட்டரில் பார்த்துக் கிறங்கிப் போன ஒரு பையன்தான் பின்னாளில் 'ஆஸ்ட்ரோ பாய்' படைத்த ஒசாமு தெசூகா.

★ வியட்நாம் போரை முயல்களை வைத்து வரைந்தவரும் ஜப்பானியரே. மோட்டோஃபூமி கோபயாஷியின் காமிக்ஸ் அமெரிக்காவில் 'அபோகலிப்ஸ் மியாவ்' என்று வந்தது. அமெரிக்கச் சிப்பாய்கள் முயல், வியட்நாமியர் பூனை, ரஷ்யர் கரடி, சீனர் பாண்டா. 2010-இல் வந்த கணினி அனிமேஷனில் போர்க்களம் பாலைவனத்துக்கு மாறியது. எதிரிகளுக்கு ஒட்டக முகம். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

★ யூதர்களை எலியாகவும் நாஜிகளைப் பூனையாகவும் வரைந்த ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மௌஸ்' 1992-இல் சிறப்புப் புலிட்சர் பரிசு பெற்றது. கிராஃபிக் நாவலுக்குப் புலிட்சர் அதுவே முதல் முறை. யூதர்களை எலிக்கு ஒப்பிட்டது நாஜிப் பிரச்சாரம். அந்த முகமூடியை அவர் வேண்டுமென்றே எடுத்து மாட்டினார்.

★ 'விலங்குப் பண்ணை' எழுதிய ஜார்ஜ் ஆர்வெல் பிறந்தது பீகாரின் மோதிஹாரியில், 1903-இல். 1954-இல் அது கார்ட்டூன் படமானபோது ரகசியமாகப் பணம் கொடுத்தது அமெரிக்க உளவுத்துறை சி.ஐ.ஏ. நாவலில் பன்றிக்கும் மனிதனுக்கும் வித்தியாசம் தெரியாமல் போவதோடு முடியும். படத்தில் மற்ற விலங்குகள் பன்றிகளுக்கு எதிராகக் கிளம்பிவிடும். கிளைமாக்ஸை மாற்றச் சொல்லும் தயாரிப்பாளர் கோடம்பாக்கத்தில் மட்டும் இல்லை.

★ வாலி–சுக்ரீவன் முதல் சண்டையில் ராமன் அம்பு விடவே இல்லை. காரணம், அண்ணன் தம்பி இருவரும் அச்சாக ஒரே மாதிரி! அடி வாங்கித் திரும்பிய சுக்ரீவன் கழுத்தில் பூங்கொடி ஒன்றை மாலையாகக் கட்டி இரண்டாவது முறை அனுப்பினார்கள். இரண்டு கதாபாத்திரங்களை ஒரே மாதிரி வரைந்துவிட்டு நிறத்தை மாற்றித் தப்பிக்கும் கார்ட்டூன்காரர் எவரும் இந்தக் காட்சியைப் புரிந்துகொள்வார். காஞ்சிபுரம் வட்டாரத்துக் கட்டைக்கூத்துக்காரர்கள் 'வாலி மோட்சம்' ஆடினால், விடிய விடிய ஊர் உட்கார்ந்து பார்க்கும்.

★ பாலக்காட்டுப் பக்கம் பத்ரகாளி கோயில்களில் நடக்கும் தோல்பாவைக் கூத்தில் பாடப்படுவது கம்பராமாயணம். மலையாள மண்ணில் தமிழ்ப் பாட்டு. ஆட்டுவிப்பவருக்குப் பெயர் புலவர். கூத்துமாடத்தில் 42 அடி நீளத் திரை; பின்னால் தேங்காய் மூடிகளில் 21 விளக்கு; அந்த வெளிச்சத்தில் மான்தோல் குரங்குகளும் அரக்கர்களும் நிழலாய் மோதும். 7, 14, 21 என்று இரவுக் கணக்கில் ஓடும். எதற்காக? தாருகனோடு சண்டையில் இருந்த காளியால் ராம–ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போயிற்று. அவளுக்காக வருஷா வருஷம் மறுஒளிபரப்பு. கூத்துப் பார்க்க ஆள் வராத ராத்திரியிலும் நடக்கும், அம்மன் பார்க்கிறாளே.

★ யூகோ சாகோ என்ற ஜப்பானியர் 1983-இல் ராமாயணத் தொல்பொருள் அகழாய்வு பற்றி ஆவணப்படம் எடுக்க வந்து, கதையிலேயே விழுந்தார். ராம் மோகன், கொய்ச்சி சசாகி கூட்டில் உருவான 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' 1993-இல் டெல்லித் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. தியேட்டரில் தமிழ் பேசி வர 2025 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதில் கும்பகர்ணன் எழும் காட்சியைப் பெரிய திரையில் பாருங்கள், செல்போனில் வேண்டாம்.

★ தொடர் வடிவில் இன்றைக்கு நம் பிள்ளைகள் பார்ப்பது 2021 ஜனவரியில் ஹாட்ஸ்டாரில் தொடங்கிய 'தி லெஜண்ட் ஆஃப் ஹனுமான்'. தமிழிலும் பேசுகிறது. குரங்கும் கரடியும் கதாநாயகர்கள். உடம்பெல்லாம் ஜிம் கட்டு. ஜாம்பவானைக் கொஞ்சம் வயதானவராக விட்டிருக்கலாம்.

★ கதை போதும், நிஜத்துக்கு வருவோம். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று. வீரன் பக்கத்தில் அவனுடைய நாய். நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். மதுராந்தகம் பக்கம் இந்தளூரில் சேவலுக்கே நடுகல். கீழ்ச்சேரிக் கோழி, பெயர் பொற்கொற்றி. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்திலும் மேற்சேரிக் கோழி ஒன்றுக்குக் கல் உண்டு. சேவற்கட்டில் சேரிக்குச் சேரி மோதிய பறவைகள். 'ஆடுகளம்' படத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் வருஷம் முந்தியவை.

★ கடைசியாக, கரிக்கட்டை ஒன்று போதும் என்ற யுத்தம்: ஆடு புலி ஆட்டம். கோபுரம்போல் ஒரு முக்கோணம், குறுக்கே கோடுகள். பழைய கோயில் மண்டபத் தரைகளிலும் பாறைகளிலும் இந்தக் கட்டம் கீறிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் 3 புலி, மறுபக்கம் 15 ஆடு. சதுரங்கத்தில் இரண்டு படையும் சமம். இங்கே தொடக்கத்திலேயே அநியாயம். புலி தாண்டினால் ஆடு வெட்டு. ஆட்டுக்கு வெட்டும் உரிமையே கிடையாது, வழி மறித்துப் புலியை அசையவிடாமல் கட்ட மட்டுமே முடியும். 15 ஆடும் ஒவ்வொன்றாக இறங்கி முடியும்வரை இறங்கின ஆடு நகரக்கூடாது. தெரியாதவர்கள் ஓடிப்போய்ப் புலியை எடுத்துக்கொள்வார்கள். ஆடி ஆடிப் பழுத்த கிழவர்களோ ஆட்டைக் கேட்டு வாங்குவார்கள்; நாலு ஆடு போகும் முன்னே மூன்று புலியையும் மூலையில் கட்டிவிட்டு, அடுத்த ஆட்டத்துக்குக் கல் பொறுக்கச் சொல்வார்கள்.